கம்பாலாவுக்காக வாங்கிய வி.பி.என்.: ஏழு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரு சக்கர வாகன உதிரிபாகங்களை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறேன். எங்களிடமிருந்து போகும் செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட் பெட்டிகளில் பாதிக்கு மேல் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் இருக்கும் கிசெக்கா சந்தைக்குத்தான் போய்ச் சேருகின்றன. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு மதியம் சுற்றியவர்களுக்கு அந்தச் சந்தையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 'போடா போடா' என்று பெயர். முதல் முறை கேட்டுச் சிரிக்காத தமிழரை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்த வியாபாரத்துக்காகவே 2018இல் பணம் கட்டி வாங்கிய வி.பி.என். சேவையை, அதாவது இணையத்தில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்கும் சேவையைப் பற்றி, 2025 இறுதியில் இங்கே எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைச் சேவைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது மற்றொரு காரணம்.

உகாண்டாவில் 2018 ஜூலை 1 முதல், வாட்ஸாப், ஃபேஸ்புக், ட்விட்டர் போன்றவற்றைத் திறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ஷில்லிங் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் கணக்கில் அன்றைக்கு மூன்றரை ரூபாய் அளவுதான். ஆனால் நாள் முழுவதும் போடா போடா ஓட்டிச் சம்பாதிப்பவருக்கு அது மாதம் நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. சமூக ஊடகங்களில் நடப்பது 'லுகாம்போ', அதாவது வெறும் வம்புப் பேச்சு, அதற்கு வரி கட்டட்டும் என்பது அதிபர் முசெவெனியின் வாதம். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதைத் தொலைபேசி நிறுவனம் பார்த்து வரி கேட்பதால், அதைப் பார்க்க முடியாமல் மூடிவிடும் வி.பி.என். ஒரே மாதத்தில் சந்தை முழுவதும் பரவியது. கம்பாலாவில் எங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை மகன் முதலில் ஓர் இலவசச் செயலியைத்தான் வைத்திருந்தான். விளம்பரம் வந்து வந்து, விலைப்பட்டியலை அனுப்புவதற்குள் அவன் பொறுமை போய்விடும். அதனால்தான் கட்டணச் சேவைக்கு மாறினோம்.

சேவையின் தரத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஒரே கணக்கில் ஆறு கருவிகளை இணைக்கலாம். சென்னையில் அலுவலகக் கணினி இரண்டு, கம்பாலாவில் கைபேசி மூன்று என்று எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. வில்லிவாக்கத்தில் என் வீட்டு ஃபைபர் இணைப்பில் 100 எம்.பி.பி.எஸ். வருகிறது, நைரோபி சர்வர் வழியாகப் போனால் அது 20, 25 என்று இறங்கும், ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனால் இன்னும் குறையும். படங்களும் ஆவணங்களும் அனுப்ப இது தாராளம். காணொளி அழைப்பில் மட்டும் முகம் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைகிறது. வி.பி.என். வழியே போகும்போது டேட்டா சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பதை வாங்குவதற்கு முன் யாரும் சொல்வதில்லை. சென்னையில் அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கம்பாலாவில் டேட்டாவைச் சிறு சிறு பொட்டலமாக வாங்குபவர்கள், வரியைத் தவிர்த்த காசு டேட்டாவிலேயே போய்விடுகிறதே என்று அலுத்துக்கொண்டார்கள். 2021 ஜூலையில் அந்த நாள் வரியை நீக்கிவிட்டு, இணைய டேட்டாவின் மீதே 12 விழுக்காடு வரி போட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க எந்தச் செயலியும் கிடையாது.

இந்தியப் பக்கத்தில் ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் அதற்கு உடன்படாமல் இந்தியாவில் இருந்த சர்வர்களைக் காலி செய்தன. எங்கள் சேவையும் அவற்றுள் ஒன்று. பட்டியலில் 'இந்தியா' என்று இப்போதும் இருக்கிறது, ஆனால் அந்த இயந்திரம் சிங்கப்பூரில் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு 2024இல் வெளியிட்ட பட்டியலில், 180 நாடுகளில் உகாண்டாவுக்கு 128ஆம் இடம், இந்தியாவுக்கு 159ஆம் இடம். உகாண்டாவைப் பற்றி நான் எழுதுவதை இங்கிருந்து படிப்பவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சேவை எங்களைக் கைவிட்ட நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி 14 அன்று உகாண்டாவில் பொதுத்தேர்தல். அதற்குச் சில நாட்கள் முன்பு, அரசுத் துறை ஒன்றோடு தொடர்புடைய போலிக் கணக்குகள் என்று சொல்லி ஃபேஸ்புக் சிலவற்றை நீக்கியது. 12ஆம் தேதி முசெவெனி தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு பக்கம் சாயும் நிறுவனம் இந்த நாட்டில் இயங்க வேண்டியதில்லை என்ற பொருளில் பேசினார். அன்றைக்கே சமூக ஊடகங்கள் நின்றன. அந்த ஒரு நாள் எங்கள் வி.பி.என். தன் விலைக்கு வேலை செய்தது என்றே சொல்வேன். இரண்டு சர்வர்கள் எடுக்காமல், மூன்றாவதை, வி.பி.என். ஓடுவதே வெளியே தெரியாமல் மறைக்கும் 'ஸ்டெல்த்' முறையில் போட்டதும் இணைப்பு கிடைத்தது, வாட்ஸாப் வந்தது. மறுநாள் போகி. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு வரவிருந்த சரக்குக்கான பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் சரக்கு ரசீதை, இரவு பத்து மணி வாக்கில் அனுப்பினேன். கம்பாலாவில் அப்போது ஏழரை. ஒற்றைச் சாம்பல் நிற டிக் விழுந்தது, அதோடு சரி. பொங்கலன்று காலையில் பால் பொங்கி வழிந்தபோதும் கைபேசியில் அதே ஒற்றை டிக்தான். ஐ.எஸ்.டி. போட்டு அழைத்தேன். "மாமா, எந்த சர்வரைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு. ஃபோன்லயே பணம் கட்டுற 'மொபைல் மணி'யும் எடுக்கல. பால் வாங்கக்கூடக் கையில சில்லறை தேட வேண்டியிருக்கு" என்றான்.

சமூக ஊடகங்களை மட்டும் தடுத்திருந்த நாட்டில் ஒட்டுமொத்த இணையத்தையே 13ஆம் தேதி இரவு துண்டித்திருந்தார்கள். வி.பி.என். என்பது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக்குள் போடும் மறைவான குழாய். தண்ணீரையே நிறுத்திவிட்ட பிறகு குழாயால் ஆவது ஒன்றுமில்லை. சேவையின் விளம்பரத்தில் 'எந்த நாட்டிலும், எந்தத் தடையையும் தாண்டி' என்று இருக்கும் வரி அந்த ஐந்து நாட்களில் எனக்குப் பொய்யாகப் பட்டது. இணையம் 18ஆம் தேதி திரும்பியது. இதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டு, எதிர்த்துப் போட்டியிட்ட பாபி வைன் தம் வீட்டிலிருந்து வெளியே வர முடியாதபடி படையினர் சூழ்ந்திருந்தார்கள்; நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே விலகினார்கள். பிற தளங்கள் பிப்ரவரியில் வி.பி.என். இல்லாமலே திறந்தன. ஃபேஸ்புக் மட்டும் இன்றுவரை அங்கே மூடியே கிடக்கிறது. எங்கள் நிறுவனப் பக்கத்தைக் கிசெக்கா கடைக்காரர்கள் இன்னும் வி.பி.என். வழியாகத்தான் பார்க்கிறார்கள். இதெல்லாம் ஆப்பிரிக்காவில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு, 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டதை நினைவூட்டுகிறேன்.

மறைந்து பார்ப்பதற்கு உதவும் இந்தச் சேவை, வெளிப்படையாகப் பேசுபவருக்கு எந்த விதத்திலும் உதவாது. 2024இல் டிக்டாக்கில் அதிபரையும் அவர் குடும்பத்தையும் திட்டிப் பேசிய 24 வயது இளைஞர் ஒருவருக்கு அங்கே ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். சொந்த முகத்தைக் காட்டிப் பேசியவருக்கு முகவரியை மறைக்கும் செயலி என்ன செய்யும்? எழுத்தாளர் ககுவென்சா ருகிராபஷைஜா, அதிபரையும் அவர் மகனையும் பற்றித் தம் பெயரிலேயே ட்விட்டரில் எழுதியதற்காக 2021 டிசம்பர் இறுதியில் கைதானார். காவலில் சித்திரவதை செய்யப்பட்டதாகச் சொல்லி அடுத்த பிப்ரவரியில் நாட்டைவிட்டு வெளியேறினார். 2013 மே மாதத்தில் 'டெய்லி மானிட்டர்' நாளிதழின் அலுவலகத்துக்குள் காவல்துறை புகுந்து, ஒரு தளபதி எழுதிய கடிதத்தைத் தேடுவதாகக் கூறிப் பத்து நாட்கள் பூட்டிவைத்திருந்தது. அந்த நாட்டின் நீதிமன்றங்கள் முழுதாகப் பணிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொய்ச் செய்தி வெளியிடுவதைக் குற்றமாக்கிய பிரிவை 2004இலும், ராஜதுரோகப் பிரிவை 2010இலும், 'புண்படுத்தும் தகவல்' என்ற கணினிச் சட்டப் பிரிவை 2023இலும் அவை செல்லாதென்று அறிவித்தன. ஒன்று போனால் வேறொன்று புதிதாக வருகிறது. 2022 அக்டோபரில் அதே கணினிச் சட்டத்துக்கு வந்த திருத்தச் சட்டம் அப்படி வந்ததுதான்.

கிசெக்காவில் வயதான கடைக்காரர் ஒருவர் 'எகிமீசா'வைப் பற்றிச் சொல்வார். மதுக்கடை வாசலிலோ திறந்தவெளியிலோ மக்கள் கூடி, முறைவைத்து ஒலிவாங்கியைப் பிடித்து அரசியல் பேசுவார்கள், வானொலி அதை அப்படியே ஒலிபரப்பும். நம் பட்டிமன்றத்துக்கும் டீக்கடைப் பேச்சுக்கும் நடுவே இருப்பது போல. 2009 செப்டம்பர் கலவரத்தை ஒட்டி அந்த நிகழ்ச்சிகளுக்குத் தடை விதித்து, உகாண்டாவுக்குள் இருக்கும் மரபுவழி அரசான புகண்டாவின் அரசருடைய சி.பி.எஸ். வானொலியையும் ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தார்கள். 'மீசா' என்றால் மேசை. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரு சொல்தான் அங்கே மீசா, இங்கே மேசை. அந்த மேசையைத் திருப்பித் தரும் சந்தா எதுவும் விற்பனைக்கு இல்லை.

கட்டணத்தைப் பற்றி ஒரு மனக்குறை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு உள்ளாகவே முடிந்தது. அதன் பிறகு சொல்லாமல் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, ஓராண்டுக்கே அதைவிடக் கூடுதலாகக் கடன் அட்டையில் எடுத்துவிட்டார்கள். அரட்டைப் பெட்டியில் கேட்டால் மிகப் பணிவாகப் பதில் வரும், பணம் வராது. வாங்குபவர்கள் வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். உகாண்டா போன்ற நாட்டுக்குப் போகிறவர்கள் செயலியை மீனம்பாக்கத்திலேயே நிறுவி, ஸ்டெல்த் முறையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். தடை வந்த பிறகு பதிவிறக்கத் தளமே திறக்காது. தடுக்கப்பட்ட தளத்தைத் திறப்பதற்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அதற்கு மேல் எதையும் நம்பி வாங்க வேண்டாம்.

2026 ஜனவரி 15 அன்று அங்கே மறுபடியும் வாக்குப்பதிவு. இங்கே அன்றைக்குத்தான் பொங்கல். சந்தாவை ஓராண்டுக்கு நீட்டித்திருக்கிறேன். ஆவணங்களின் அசல் தாள்களை இந்த முறை டிசம்பரிலேயே கூரியரில் அனுப்பிவிடுகிறோம். தங்கை மகனிடம், இரண்டு வாரச் செலவுக்குப் பணத்தை நோட்டாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.