தோலுரிப்பில் கால் கோணிய கும்பிடுபூச்சி: ஊட்டி வளர்ப்பதா, காலை வெட்டுவதா, முடித்துவிடுவதா?

வளர்வதற்காகப் பழைய தோலைக் கழற்றும்போது, அதாவது தோலுரிக்கும்போது, அடிபட்ட கும்பிடுபூச்சியை வைத்துக்கொண்டு விழிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கையால் ஊட்டி, அடுத்த தோலுரிப்பு வரை கொண்டுபோகலாம், அதில் கோணிய கால் ஓரளவு நேராக வாய்ப்பு உண்டு. உதவாத காலை வெட்டிவிடலாம். பிழைக்காது என்று தெரிந்தால் குளிரில் வைத்து முடித்துவிடலாம். நான் முதல் வழியைத்தான் எடுத்தேன், மறுபடி இந்த நிலை வந்தாலும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் அது சரிவராது. சரிவருமா இல்லையா என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: அந்தப் பூச்சியால் இனி தலைகீழாகத் தொங்க முடியுமா?

என்னிடம் இருந்தது இன்னும் முதிராத பெண் பூச்சி. பழைய தோலிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்த நிலையில் பிடி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. புதுத்தோல் முதலில் ஈரமாக, மிருதுவாக இருக்கும். உடம்பு எந்த நிலையில் கிடக்கிறதோ அதே வடிவத்தில் சில மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும். அதனால் ஒரு முன்னங்கால் உள்பக்கமாக மடங்கிப் போனது, ஒரு பின்னங்கால் வளைந்துவிட்டது, வயிறும் லேசாகச் சாய்ந்தது. மற்ற கால்கள் தப்பின.

எந்த வழியை எடுப்பதானாலும் முதல் நாள் எதையும் முடிவு செய்யாதீர்கள். கூட்டிலிருந்து உயிருள்ள இரையை எடுத்துவிடுங்கள், மென்மையாக இருக்கும் பூச்சியைச் சுவர்க்கோழி கடித்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பழைய தோல் ஒட்டியிருந்தால் ஈரத் தூரிகையால் நனைக்கலாம், இழுக்கக் கூடாது. தோல் இறுக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

ஊட்டுவது பார்ப்பதற்குக் கடினமாகத் தெரிந்தாலும் பழகிவிடும். இரையைக் கொன்று, நறுக்கி, ஈரமான வெட்டுப்பக்கத்தை ட்வீசரால் வாயருகே மெதுவாகத் தொட வேண்டும். வாயோரத்தில் இருக்கும் குட்டி உணர்விழைகள் ருசியைக் கண்டுகொண்டால் தானாகவே மெல்ல ஆரம்பிக்கும். இரண்டு முன்னங்கால்களும் கெட்டிருந்தால் அது முடிக்கிற வரை நீங்கள்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். என் பூச்சிக்கு ஒரு முன்னங்கால் நன்றாக இருந்ததால், சில நாட்களிலேயே துண்டை அதுவே வாங்கிக்கொண்டது. பின்வாங்கினால் விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம். தண்ணீரைத் தூரிகை முனையில் ஒரு துளியாகக் காட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பரிதாபத்தில் வயிறு உப்ப ஊட்டிவிடாதீர்கள். அடுத்த தோலுரிப்பில் அந்த எடை முழுவதையும் மிச்சமிருக்கும் கால்கள்தான் தாங்க வேண்டும்.

சரி, இப்போது தொங்குவதற்கு வருவோம். அடிபட்ட பூச்சி சாப்பிடுகிறதா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சாப்பாட்டை நாம் கொடுத்துவிடலாம், பிடிமானத்தை நம்மால் கொடுக்க முடியாது. தோலுரிக்கும்போது பூச்சி மேலே கால்களை ஊன்றித் தலைகீழாகத் தொங்கும். முதுகுப்பக்கம் பழைய தோல் பிளந்ததும் உடம்பு தன் எடையாலேயே கீழே வழுகி வரும். கால்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும். கடைசியில் வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியபடி தொங்கி, பிறகு மேலே வளைந்து, புதுக் கால்களால் பழைய தோலையோ கூரையையோ பற்றிக்கொள்ளும். ஆக, முதலில் பழைய கால் நகங்கள் மொத்த எடையையும் தாங்க வேண்டும், அப்புறம் புதுக் கால்கள் உடனே பிடிக்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் மறுபடி விழும். அதோடு, கோணிய காலை அதே கோணலான உறையிலிருந்துதான் உருவியாக வேண்டும், நேரான காலைவிட அது சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

அதனால் நான் பூச்சியைவிடக் கூரையைத்தான் அதிகம் கவனித்தேன். வழவழப்பான மூடிக்குப் பதிலாக நகம் மாட்டக்கூடிய வலைத்துணி கட்டினேன். சொரசொரப்பான பட்டையுள்ள குச்சிகளைச் சாய்வாக வைத்தேன், அப்போதுதான் நொண்டிக்கொண்டாவது மேலே போய்ச் சேரும். கூரைக்குக் கீழே உடம்பின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரம் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும், அகலம் இரண்டு மடங்காவது வேண்டும். அடியில் மெத்தென்று டிஷ்யூ காகிதம் விரித்தேன். தோலுரிப்பு நெருங்கினால் பூச்சி சாப்பாட்டை ஒதுக்கிவிடும், மந்தமாகிவிடும். அந்த நாட்களில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டு, கூட்டைத் தொடாமல் விடுவதுதான் நாம் செய்யக்கூடியது. காற்று வறண்டிருந்தால் நல்ல கால்கள்கூடத் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பிடிமானத்தைச் சோதிக்கத் தனி உத்தி எதுவும் வேண்டாம். இரவில் வலையில் தானாக ஏறித் தொங்கி, காலையிலும் அங்கேயே இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அடிக்கடி கீழே விழுந்து கிடந்தால் கவலைப்பட வேண்டியதுதான். நடக்கப் பயன்படும் நான்கு கால்களில் மூன்று சரியாக இருந்தது என் பூச்சிக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டே கால்களோடு தொங்கும் பூச்சியை நான் வளர்த்ததில்லை, அந்த இடத்தில் என் வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது காலை வெட்டுவது. பலர் இதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள், நான் தயங்குகிறேன். நடுக்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் தொடை தொடங்கும் இடத்தில் இயற்கையாகவே கழன்றுவிழும் மூட்டு இருக்கிறது. ஆபத்து வந்தால் பூச்சியே அந்த இடத்தில் காலைக் கழற்றிவிடும், காயமும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வேறு இடத்தில் கத்தரித்தால் உடல்திரவம் கசிந்துகொண்டே இருக்கும். இரை பிடிக்கும் முன்னங்காலுக்கு அந்த வசதி இல்லை, அதில் கை வைக்கவே வேண்டாம். வளைந்த கால் மற்ற கால்களுக்குள் மாட்டி நடக்கவே விடவில்லை என்றால் வெட்டுவதில் நியாயம் இருக்கலாம், நான் செய்து பார்த்ததில்லை. முதிராத பூச்சிக்கு இழந்த நடைக்கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் சிறிதாக முளைத்துப் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் கோணிய கால்கூட உடம்புக்கு முட்டுக்கொடுக்கும், வலையில் ஒரு நகத்தையாவது மாட்டும். தொங்குவதுதான் முக்கியம் என்றால், வேலை செய்கிற நகத்தை ஏன் இழக்க வேண்டும்?

மூன்றாவது வழி கசப்பானது, ஆனால் சில நேரம் அதுதான் சரி. வாயுறுப்புகள் பழைய தோலில் சிக்கி உணவே எடுக்க முடியவில்லை, உடல்திரவம் நிற்காமல் கசிகிறது, மார்பு மடிந்து இறுகிவிட்டது, தொங்கவே முடியவில்லை, இன்னும் தோலுரிப்புகளும் பாக்கி இருக்கின்றன என்றால் அதை இழுத்தடிக்க வேண்டாம். சின்ன டப்பாவில் வைத்து முதலில் ஃப்ரிட்ஜில் விட்டால் குளிரில் அசைவு அடங்கிவிடும். பிறகு ஃப்ரீசருக்கு மாற்றி ஒரு இரவு முழுக்க விடுவதுதான் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வது.

முதிர்ந்த பூச்சிக்கு இந்தக் கணக்கே வேறு. இறக்கை முழுதாக வந்துவிட்டால் அதற்குப் பிறகு தோலுரிப்பு கிடையாது. கால் நேராகவும் வாய்ப்பில்லை, முளைக்கவும் வாய்ப்பில்லை. அதே சமயம் அடுத்த தோலுரிப்பு என்ற ஆபத்தும் தீர்ந்துவிட்டது. இறக்கை மட்டும் கசங்கியிருந்தால் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை, சாப்பிடும், உலாவும், பெண்ணாக இருந்தால் ஆண் சேராமலேயே முட்டைக்கூடும் வைக்கும். முன்னங்கால்கள் கெட்டிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், மீதி வாழ்நாள் முழுக்க, அதாவது சில மாதங்கள், நீங்கள்தான் ஊட்ட வேண்டியிருக்கும். வெளியூர் போனால் இன்னொருவரிடம் ட்வீசரைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் பூச்சி அடுத்த முறை வலையிலிருந்து விழாமல் தோலுரித்தது. பின்னங்கால் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. மடங்கிய முன்னங்கால் கொஞ்சம் நீண்டது, ஆனாலும் இரை பிடிக்க உதவவில்லை. ஒற்றைக் கையால் சின்ன ஈக்களைப் பிடிக்கிறது, பெரிய இரையை இன்னும் நறுக்கித்தான் தருகிறேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தந்தால் போதும் என்பதால் இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை.