ஆல்டிபிளேஸா, டெனெக்டிபிளேஸா: மூளையில் ரத்தக்கசிவு எதில் அதிகம்?

பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி (ஆல்டிபிளேஸ் அல்லது டெனெக்டிபிளேஸ்) போடலாம் என்றதும் வீட்டார் கேட்பது இதுதான்: "மூளையில் ரத்தம் கசியுமாமே, எந்த மருந்து பரவாயில்லை டாக்டர்?"

போடும் முறை
ஆல்டிபிளேஸ்: கிலோவுக்கு 0.9 மி.கி. பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாக.
டெனெக்டிபிளேஸ்: கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25. ஒரே ஊசி, அவ்வளவுதான்.

அறிகுறி தரும் அளவுக்கான கசிவு (கனடாவின் ஆக்ட் ஆய்வு, 2022)
ஆல்டிபிளேஸ்: 3.2 சதவீதம்.
டெனெக்டிபிளேஸ்: 3.4 சதவீதம்.

பெரிய வித்தியாசமில்லை. அளவு கூடினால்தான் வம்பு. நார்வேயில் டெனெக்டிபிளேஸைக் கிலோவுக்கு 0.4 மி.கி. கொடுத்த ஆய்வைக் கசிவு அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்புக்கான டெனெக்டிபிளேஸ் அளவு இதைவிடவும் அதிகம்; அவசரத்தில் மாறிவிடக்கூடாது.

சரி, ஆபத்தை ஏற்றுவது எது? பெரும்பாலும் மருந்தின் பெயரல்ல. முதுமை, பெரிய பக்கவாதம், தாமதம், ஏறிய சர்க்கரை, கூடவே ஏறிய ரத்த அழுத்தம். ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே, பிறகு 24 மணி நேரம் 180/105-க்குள் இருக்கவேண்டும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டியை எடுக்க வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பவேண்டியவருக்கு டெனெக்டிபிளேஸ் வசதி. கையிருப்பில் ஆல்டிபிளேஸ்தான் என்றால் அதையே உடனே போடுவது நல்லது. இன்னொன்றுக்காகக் காத்திருப்பது வீண்.