சாக்பீஸா, கிரேயானா, ஸ்கெட்ச் பேனாவா: கிறுக்கத் தொடங்கும் குழந்தைக்கு எது?

ஒன்றரை வயதுக் குழந்தை எதைக் கொடுத்தாலும் முஷ்டி மடக்கித்தான் பிடிக்கும், தோளிலிருந்து கையை வீசித்தான் கிறுக்கும். பிடியைத் திருத்தும் வயது இதில்லை. கைக்கு வேலை இருக்கிறதா, கிறுக்கியதைப் பற்றிப் பேச வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கைக்கு வேலை என்றால் சாக்பீஸ்தான். சொரசொரப்பில் உரசும்போது எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கோடு என்பது விரலுக்குப் பிடிபடும். பலகையைக் குழந்தையின் கண் உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் மடங்கும். பிற்பாடு பென்சிலுக்குத் தேவைப்படும் நிலை அதுதான். குறை, தூள் பறக்கும். துடைத்தால் எல்லாம் போய்விடும்.

பேச்சுக்குக் கிரேயான் மேல், ஏனென்றால் தாள் மிஞ்சுகிறது. நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டுங்கள். தாள் நகர்ந்தால் குழந்தை எழுந்து போய்விடும். "இது என்ன?" என்று கேட்காதீர்கள். கிறுக்கும்போது பெரும்பாலும் மனதில் எந்த உருவமும் இருக்காது, கேள்வி பரீட்சையாகிவிடும். "சுத்திச் சுத்திப் போட்டிருக்கியே!" என்று சொல்லிவிட்டு ஐந்து விநாடி வாயை மூடிக்கொள்ளுங்கள் (பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்). "பூச்சி" என்றால், "ஆமா, பூச்சி ஓடுது" என்று ஒரு சொல் கூட்டி, அதையே அதன் கண்முன் தாள் ஓரத்தில் எழுதுங்கள். வாயில் வந்தது கோடாகத் தாளில் விழுவதைக் குழந்தை பார்க்கட்டும்.

விரல் நுனிப் பிடிக்கு உடைந்த கிரேயான் துண்டு நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் 3 வயதுக்கு முன் அது வாய்க்குள் போய்த் தொண்டையை அடைக்கும். தடித்த முழுக் கிரேயானே போதும்.

ஸ்கெட்ச் பேனா தொட்டாலே எழுதும். கையில் வலு குறைந்த குழந்தைக்கு அது வரம்; மற்றவர்களுக்குப் பயிற்சி குறைவு. குத்திப் பிடிப்பதால் முனை சீக்கிரம் உள்ளே போய்விடும். மூடியை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

டேப்லெட் கண்ணாடியில் உரசலே கிடையாது. தவிர, உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல்படி 1 வயதில் திரை வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

புள்ளி வைத்த எழுத்துப் புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நிமிர்ந்த கோட்டைப் பார்த்துப் போடவே சுமார் 2 வயது, வட்டத்துக்கு 3 ஆகிவிடும். 'அ'வில் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாக வருகின்றன.