சாகித்தியம் புரிகிற பாலெஸ்த்ரீனா: ஒரு பழைய சிடி

டாலிஸ் ஸ்காலர்ஸ் என்கிற இங்கிலாந்துப் பாடகர் குழு பீட்டர் பிலிப்ஸ் தலைமையில் 1980-ல் ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தில் பாடிய பதிவு இது. உருப்படிகள் மூன்றுதான்: அலெக்ரியின் 'மிசெரேரே', வில்லியம் மண்டியின் ஒரு நீண்ட பாட்டு, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலெஸ்த்ரீனாவின் 'மிசா பாப்பே மார்செல்லி' என்கிற தேவாலயப் பூசை இசை. முக்கால்வாசிப் பேர் மிசெரேரேக்காகத்தான் வாங்குகிறார்கள். நான் பாலெஸ்த்ரீனாவுக்காக வாங்கச் சொல்வேன்.

திருவையாற்றில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான். காது முதலில் சுருதிக்குத்தான் போகும். தம்புரா இல்லை, பக்கவாத்தியம் இல்லை. ஆனாலும் சுருதி அப்படிச் சேர்கிறது! குரலில் அசைவே கிடையாது. ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்தில் ஊறிய காதுக்கு ஆரம்பத்தில் மொட்டையாகத்தான் இருக்கும். அப்புறம் மூன்று நான்கு குரல்கள் சேர்ந்து நிற்கிற இடத்தில் காந்தாரம் ('க' ஸ்வரம்) படிகிற அழகு பிடிபட்டுவிடும். பாலெஸ்த்ரீனா காலத்து ரோமாபுரிக் கோவில்களில் மேல்குரலைப் பெரும்பாலும் சிறுவர்களோ கள்ளக்குரலில் பாடும் ஆண்களோ பாடுவார்கள். இந்தப் பதிவில் பெண்கள் பாடுகிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

இங்கே தியாகராஜர் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும்போது நூற்றுக்கணக்கான பேருக்கும் ஒரே வரி. இதில் ஆறு குரலுக்கும் ஆறு வழி. முதல் பகுதியான 'கீரியே'யைக் கேளுங்கள். ஷட்ஜத்திலேயே ('ஸ') நின்று, மத்யமத்துக்குத் ('ம') தாவி, படிப்படியாக இறங்குகிற ஒரு சின்னப் பிடிதான். ஒரு குரல் பாடி முடிக்குமுன் அடுத்தது அதையே எடுத்துவிடும். தாளம் போடப் பார்த்தேன். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடம், ஆளுக்கொன்றாக இருக்கிறது, கை நின்றுவிட்டது. அந்தக் காலத்துப் பாடகர் கையில் எல்லாக் குரலையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிய தாள் இருக்காது. அவரவர் வரியைப் பார்த்து, கை மேலும் கீழும் போகிற எண்ணிக்கையை வைத்துப் பாடுவார்கள். நாமும் ஏதாவது ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும். கீழ்க்குரலில் தொடங்குவது சுலபம்.

"மாமி, இது சங்கராபரணமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். சாயல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய விஷயம் சாகித்தியம், அதாவது பாட்டின் சொல். இத்தனை குரல் பின்னினால் சொல் எங்கே கேட்கும் என்ற புகார் அப்போதே இருந்தது. 1555-ல் மூன்று வாரமே போப்பாக இருந்த இரண்டாம் மார்செல்லஸ், பெரிய வெள்ளியன்று பாடகர்களைக் கூப்பிட்டு, சொல் விளங்கும்படி பாடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பூசை இசைக்கு அவர் பெயர்தான். அடுத்த பகுதிகளான 'குளோரியா', 'கிரேதோ' இரண்டிலும் குரல்கள் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்து ஒரே அசையைச் சொல்கின்றன. லத்தீன் தெரியாத எனக்கே சொல் பிரிந்து கேட்கிறது. இதைக் கேட்டுத்தான் திருச்சபை பல குரல் இசையைத் தடை செய்யாமல் விட்டது என்பது பிற்காலக் கட்டுக்கதை. கட்டுக்கதை இல்லாமலே இசை நன்றாக நிற்கிறது.

மிசெரேரேயில் சிலிர்க்க வைக்கிற அந்த உச்ச ஸ்தாயி அலெக்ரி எழுதியதே அல்ல, பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒரே மெட்டு வரிக்கு வரி திரும்பி வருவதால் பாதிக்கு மேல் எனக்கு அலுப்புத்தான். மண்டி நீளம், ஆனால் பொறுமை வீண்போகாது.

குறை என்றால், கூரியரில் வந்த பெட்டி விரிசல் விட்டிருந்தது; தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இயர்போனில் கேட்காதீர்கள், குரல்கள் மண்டைக்குள் நெருக்கியடிக்கும். ஸ்பீக்கரில் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மெல்லிய இடங்களை ஃபேன் சத்தம் முழுங்கிவிடும்.

பாலெஸ்த்ரீனாவின் பூசை இசை முடிகிற கடைசி 'அக்னுஸ் தேயி'யில் குரல் ஏழாகிறது. அதில் மூன்று குரல்கள் ஒரே வரியை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டு போகின்றன. இதுவரை என் காதுக்கு இரண்டுதான் அகப்பட்டிருக்கிறது.