உப்புத் தண்ணிக்கு எந்தக் கல்?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது. வாளி விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். "இந்தக் கல்லைப் போட்டுப் பாருங்க சார், உப்பெல்லாம் இஸ்துக்கும்" என்று சியோலைட் என்ற கனிமக் கல் மூட்டையோடு வந்தவர் பேச்சில் மயங்கி வாங்கினேன். நுரை வந்தது. ஆனால் வாயில் ஊற்றினால் அதே கரிப்பு. தண்ணியில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரிலும் எண் குறையவில்லை.

சியோலைட் உப்பை விழுங்குவதில்லை, பண்டமாற்று செய்கிறது. சோப்பை நுரைக்கவிடாமல் தண்ணியைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுக்கிறது. 20 மி.கி. கால்சியம் போனால் 23 மி.கி. சோடியம் வந்து சேரும். உப்பின் இன்னொரு பாதியான குளோரைடைத் தொடவே தொடாது. கல் ஓய்ந்துபோனால் உப்புக் கரைசலில் ஊறவைத்துத்தான் அதை மீட்க வேண்டும். உப்பை எடுக்கும் கல்லுக்கு உப்பே தீனி என்று விற்றவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்! காசிமேடு, எண்ணூர்க் கரையோரம்போல் தண்ணியிலேயே சோடியம் மிகுந்திருந்தால் இந்தப் பண்டமாற்றும் மந்தமாகிவிடும்.

படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பு, கொதிக்க வைத்தால் படிகிற வகைக் கடினத்துக்கு மட்டுமே கேட்கும்.

கால்சியம் சல்பேட் கனிமமான ஜிப்சத்தின் கதை வேறு. அது சியோலைட்டுக்கு நேர் எதிர்: கால்சியத்தைக் கொடுக்கும். அதனால் துவைக்கிற தண்ணிக்கு ஆகாது. மாடித் தோட்டத்து மண்ணுக்கு ஆகும். சோடியம் ஏறிய மண் இறுகி, ஊற்றிய தண்ணி மேலேயே நிற்கும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தைக் கிளப்பிவிட, ஐப்பசி, கார்த்திகை மழை அதை அடித்துக்கொண்டு போகும். மழை இல்லாமல் வெறும் ஜிப்சத்தைக் கொட்டுவது வீண். சியோலைட் வழியே வந்த தண்ணியைச் செடிக்கு ஊற்றுவது அதைவிட மோசம். என் கறிவேப்பிலை அப்படித்தான் போனது.

குடிக்க? இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மி.கி. கரைந்த உப்புகள் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2000. அதைத் தாண்டினால் எந்தக் கல்லும் உதவாது. 2010-இல் காட்டுப்பள்ளியில் வந்த மீஞ்சூர் ஆலை கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. அங்கேயும் உப்பைப் பிரிப்பது, உப்பைத் தடுத்துத் தண்ணியை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுதான். வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் கழிவில் உப்பு இன்னும் கெட்டி. கக்கூசுக்கு ஊற்றலாம், தொட்டிச் செடிக்குக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் குளியலுக்கும் துணிக்கும் சியோலைட், குடிக்க சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணி. செடிக்கான குழாயை மட்டும் சியோலைட் டிரம்முக்கு முன்னாலேயே பிளம்பரை வைத்துப் பிரித்துவிட்டேன்.