செய்திச் செயலியின் விளக்கப்படங்கள்: ஓராண்டுச் சந்தாதாரரின் மதிப்பீடு

சிங்கப்பூர்ப் பொருளியல் செய்திகளுக்காக நான் ஓராண்டாகச் சந்தா கட்டிவரும் செய்திச் செயலி ஒன்றின் விளக்கப்படங்களைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். அதன் கட்டுரைகளில் எனக்குப் பெரிய குறை ஏதுமில்லை.

பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1இல் 9 ஆகவும் உயர்ந்ததை அதில் மூன்று பட்டைகளாக வரைந்திருந்தார்கள். காலையில் உட்லண்ட்சில் ரயிலேறி, நின்றபடியே கைப்பேசியில் அதைப் பார்த்தபோது, வரி மும்மடங்காகிவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். வீடு திரும்பியதும் மகளின் பென்சில் பெட்டியிலிருந்த அளவுகோலைத் திரைமீது வைத்து அளந்தேன்: முதல் பட்டை ஒரு சென்டிமீட்டர், அடுத்தது இரண்டு, கடைசிப் பட்டை மூன்று. செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 6இல் தொடங்கியிருந்தது. 7 என்பது 9 ஆனால் உயர்வு ஏறக்குறைய 29 விழுக்காடு; பட்டையோ 200 விழுக்காடு வளர்ந்திருந்தது. படம் காட்டும் மாற்றத்தை எண்கள் காட்டும் மாற்றத்தால் வகுத்துப் பார்க்கும் முறையை அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983இல் முன்வைத்தார். விடை 1ஐ ஒட்டி இருந்தால் படம் நேர்மையானது. இந்தப் படத்துக்கு வந்த விடை 7.

இதே படத்தைக் கணினியில் திறந்தால், அச்சில் 6 என்ற எண் தெளிவாகவே இருந்தது. கைப்பேசித் திரைக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கியபோது அச்சு எண்கள் மறைந்துவிட்டன. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என்னைப் போலப் பயணத்தில் படிப்பவருக்குக் கிடைப்பது எண்ணில்லாத பட்டை மட்டுமே.

கோட்டுப்படங்களில் இந்தக் குறையைச் சொல்ல முடியாது. அங்கு கண் உயரத்தை ஒப்பிடுவதில்லை, ஏற்ற இறக்கத்தைத்தான் பின்தொடர்கிறது. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2022இல் 1.04 ஆக இருந்து 2023இல் 0.97 ஆகக் குறைந்ததைக் காட்டிய கோட்டுப்படமும் பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை. எனினும், 1 என்ற அளவில் ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்ததால், விகிதம் முதன்முறையாக அதற்குக் கீழே இறங்கியது பார்த்ததும் புரிந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலைக் குறியீட்டுக்கு 2009 முதல் காலாண்டே அடிப்படை, அதன் மதிப்பு 100 என்பதையும் படத்தின் அடியிலேயே குறித்திருந்தார்கள்.

வட்டப்படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, இந்தியர்கள் 9 விழுக்காடு. வட்டத்தை முப்பரிமாணமாகச் சாய்த்து, இந்தியர்களின் துண்டைத் தடித்த விளிம்புடன் முன்பக்கம் வைத்ததால், அதுவே பெரியதாகத் தெரிந்தது. நம்மவர் எண்ணிக்கை கூடித் தெரிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் கணக்கு அப்படி இல்லையே!

பட்டைப்படத்தைப் பற்றி ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பூஜ்ஜியத்தில் தொடங்கும் புதிய படம் வந்தது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால், திருத்தப்பட்டது என்ற ஒரு வரி எங்கும் இல்லாததால், பழைய படத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது தெரியவே வராது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் மாதச் சந்தாவுக்கு மாறியிருக்கிறேன். ஐந்து நட்சத்திரத்தில் மூன்று.