பாலைவனத்தில் ஒன்பது ஆண்டுகள்: பீங்கான் காவலியும் சிலிக்கோன் காவலியும்

வளைகுடாக் கரையோரப் பாலைவனத்தில் 132 கிலோவோல்ட் மின்தொடர்களை (கோபுரங்களில் செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகளை) பராமரிக்கும் குழுவில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியிருக்கிறேன். இங்கு மின்தொடர் வேலையில் இருக்கும் தம்பி, "அண்ணா, சிலிக்கோன் காவலி உண்மையிலேயே நல்லதா?" என்று கேட்டான். காவலி என்பது மின்கம்பியைக் கோபுரத்தில் தாங்கிக்கொண்டு, மின்சாரம் கோபுரத்துக்குப் போகாமல் தடுப்பது. அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

மணற்புயல்தான் எதிரி என்று நினைத்துப் போனேன். பகலில் தூசி படிந்து கிடந்தாலும் ஒன்றும் நடக்காது. ஆபத்து விடியற்காலையில்தான். இரவில் காவலியின் மேற்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்து பனித்துளி பிடிக்கும். தூசியில் இருக்கும் உப்பு அதில் கரைந்து மின்சாரத்தைக் கசியவிடும். கசிவின் சூட்டில் சில இடங்கள் மட்டும் வளையம் வளையமாகக் காய, அந்த வளையங்களுக்கு மேலாகப் பொறி தாவும். நான்கு மணிக்குக் கோபுரத்தடியில் நின்றால், எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோன்ற சத்தமும் ஊதா வெளிச்சமும் தெரியும். பொறிகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் தொடரே துண்டிக்கப்படும். முதல் இரண்டு ஆண்டுகளில் பீங்கான் தட்டுகளைக் கழுவிக் கழுவியே களைத்துப்போனோம். அவற்றின் அடிப்பக்க மடிப்புகளில் தூசி சிமெந்துபோல இறுகிவிடும்.

பீங்கானுக்குப் பதிலாகச் சிலிக்கோன் றப்பர் காவலி வந்தபின் விடியற்காலைத் துண்டிப்புகள் கண்கூடாகக் குறைந்தன. ஐந்து ஆண்டு ஓடிய ஒன்றைக் கழற்றி, சாம்பல்நிறத் தூசியோடு அப்படியே தண்ணீர் தெளித்தேன். தாமரை இலையில்போல முத்து முத்தாக உருண்டது! றப்பருக்குள் இருக்கும் மெல்லிய சிலிக்கோன் எண்ணெய் தூசிப் படலத்துக்குள்ளும் ஊறி வருவதால் கிடைக்கும் பலன் அது. எடையும் குறைவு, கோபுரத்தில் ஏற்றுபவனுக்கே அதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. முனையில் ஈரம் புகாமல் அடைத்திருக்கும் அடைப்பு பழுதாகி உள்ளிருக்கும் கண்ணாடியிழைத் தண்டுக்கு ஈரம் போனால் வெளியே எதுவும் தெரியாது. கண்ணாடித் தட்டுக் காவலி என்றால் உடைந்து உதிர்ந்துவிடும், கீழிருந்தே கண்டுபிடிக்கலாம். அத்தோடு, சிலிக்கோன் என்பதற்காக நீளத்தைக் குறைக்கக் கூடாது. மிகக் கடுமையான மாசுக்கு, தொடரின் உச்ச அழுத்தத்தில் ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீற்றர் மேற்பரப்புப் பாதை (காவலியின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிய வேண்டிய தூரம்) என்பது பழைய கணக்கு. 132 கிலோவோல்ட் தொடரின் உச்ச அழுத்தமான 145 கிலோவோல்ட்டுக்கு அது ஏறத்தாழ நாலரை மீற்றர்.

கொழும்பில் காலிமுகத்திடல் பக்கமிருந்து வீசுவதும் உப்புக் காற்றுதான். ஆனால் இங்கே மழை கழுவிவிடுகிறது. அங்கே மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. தை, மாசியில் மழை குறையும்போது கடற்கரையை ஒட்டிய கோபுரங்களை முதலில் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.